குலசேகரத்து ரப்பர் கணக்கில் புரோட்டோகால் பஃபர்ஸ்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

குலசேகரம், அருமனை, கடையாலுமூடு, பேச்சிப்பாறை வட்டாரங்களில் ரப்பர் பால் வாங்கும் சேகரிப்பு மையங்களுக்கான கொள்முதல் மென்பொருளை, நாகர்கோவிலில் இருக்கும் எங்கள் சிறு குழு 2011 முதல் பராமரித்து வருகிறது. பால்வெட்டு முடிந்து காலை ஒன்பது மணிக்குமேல் கேன்களிலும் வாளிகளிலும் பால் வந்து சேரத் தொடங்கும். மையத்தில் இருப்பவர் எடை போட்டு, மெட்ரோலாக் மிதவையை இறக்கி, டிஆர்சி எனப்படும் உலர் ரப்பர் விகிதத்தைப் பார்த்துக் கைபேசிச் செயலியில் பதிவு செய்வார். அந்தப் பதிவு சர்வருக்குப் போய் ரசீதாகத் திரும்பி வரும். பிறகு கிடங்குக் கணக்கு, வங்கிப் பட்டுவாடா, தொழிற்சாலைக்கான விலைப்பட்டியல் என்று ஆறேழு சேவைகள் அதே பதிவை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொள்ளும். இந்தச் சேவைகள் தமக்குள் பேசிக்கொள்ளும் இடைமுகங்களை 2019இல், செய்திகளின் வடிவத்தை வரையறுத்துச் சுருக்கமாக அனுப்ப உதவும் புரோட்டோகால் பஃபர்ஸ் என்ற முறைக்கு மாற்றினோம். 2022 முதல் அதனுடன் பஃப் என்னும் சோதனைக் கருவியையும் பயன்படுத்துகிறோம். இவ்விரண்டையும் பற்றிய மதிப்பீடு இது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடவேண்டிய ஒரு மென்பொருளில், பழையதை உடைக்காமல் இடைமுகத்தை மாற்றுவதற்கு இவை எவ்வளவு தூரம் துணைநிற்கின்றன என்பது ஒன்றையே அளவுகோலாக வைத்து எழுதுகிறேன். வேகம், நினைவகப் பயன்பாடு போன்றவற்றைப் பிறர் நிறைய எழுதியிருக்கிறார்கள்.

எங்களுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சர்வரில் இருக்கும் நிரலை நாங்கள் நினைத்த இரவில் மாற்றிவிடலாம். ஆனால் பேச்சிப்பாறைக்கு மேலே, கோதையாறு செல்லும் வழியில் இருக்கும் மையத்தின் கைபேசி சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்தால்தான் செயலியைப் புதுப்பித்துக்கொள்ளும். சில கைபேசிகளின் ஆண்ட்ராய்டு பதிப்பே புதிய செயலியை ஏற்காது. மார்த்தாண்டத்துக் கிடங்கின் மென்பொருளை வேறொரு குழு பராமரிக்கிறது, அவர்களுக்கென்று தனி அட்டவணை இருக்கிறது. ஆகவே எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் குறைந்தது மூன்று தலைமுறை நிரல்கள் ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும். எல்லோரையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்ட எந்த இடைமுகமும் இந்தச் சூழலில் நிற்காது.

2011இல் தொடங்கியபோது, எக்ஸ்எம்எல் என்ற எழுத்து வடிவில் செய்திகளைப் பரிமாறும் சோப் முறையில்தான் கட்டினோம். சேவையை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பில் ஒவ்வொரு செய்தியின் வடிவமும் எக்ஸ்எம்எல் ஸ்கீமாவாக, அதாவது வடிவ விதிகளாக, எழுதப்பட்டிருக்கும். ஒப்பந்தம் எழுத்தில் இருந்தது என்பது அதன் பெரிய நன்மை. அதை இன்றும் மதிக்கிறேன். ஆனால் நாங்கள் எல்லாச் செய்திகளையும் வரிசைக் கட்டமைப்பாக, அதாவது உறுப்புகள் குறித்த வரிசையில் குறித்த அளவில் மட்டுமே வரலாம் என்று எழுதியிருந்தோம். விரிவாக்கத்துக்கான இடம் எதையும் விட்டுவைக்கவில்லை. அதனால் ரசீதில் ஒரே ஒரு புதிய உறுப்பைச் சேர்த்தாலும், ஸ்கீமாவைக் கண்டிப்பாகச் சரிபார்க்கும் கிடங்கு மென்பொருள் முழுச் செய்தியையும் நிராகரித்துவிடும். எட்டு ஆண்டுகளில் எங்களிடம் ஐந்து டபிள்யூஎஸ்டிஎல் கோப்புகள் சேர்ந்தன. ஐந்தும் ஒரே நேரத்தில் ஓடின. ஒரு வரிவிகிதத்தைத் திருத்த ஐந்து இடங்களில் கைவைக்க வேண்டியிருந்தது.

புரோட்டோகால் பஃபர்ஸ் கூகுளில் உள்பயன்பாட்டுக்காக உருவாகி 2008இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. செய்தியின் வடிவத்தை ஒரு வரையறைக் கோப்பில் எழுதுகிறோம். அதிலிருந்து ஜாவா, பைத்தான், கோ போன்ற மொழிகளுக்கான நிரலைக் கருவியே உண்டாக்கித் தருகிறது. இதன் உயிர்நாடி, ஒவ்வொரு புலத்துக்கும், அதாவது செய்தியில் எடை, பெயர் போன்ற ஒவ்வொரு தகவலுக்குமான இடத்துக்கும், நாம் கொடுக்கும் எண்ணில் இருக்கிறது. புலத்தின் பெயர் கம்பியில், அதாவது அனுப்பப்படும் பைட்டுகளில், பயணிப்பதில்லை, எண் மட்டுமே பயணிக்கிறது. எங்கள் ரசீதில் எடை என்பது 3ஆம் புலம், அதன் வகை டபுள், அதாவது எட்டு பைட்டுகளில் எழுதப்படும் தசம எண். ஐம்பது கிலோ என்ற எடை அனுப்பப்படும்போது மொத்தம் ஒன்பது பைட்டுகள் செல்கின்றன: முதல் பைட்டின் மதிப்பு 25, அடுத்த எட்டில் எண் இருக்கிறது. மூன்றை எட்டால் பெருக்கி, 64 பிட் நிலையான நீளம் என்பதைக் குறிக்கும் ஒன்றைக் கூட்டினால் அந்த 25 வரும். படிக்கும் பக்கம் அந்த ஒரு பைட்டை வைத்தே இது எந்தப் புலம், அடுத்து எத்தனை பைட்டுகளைத் தாண்ட வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்கிறது. தனக்குத் தெரியாத எண் வந்தால் அதைத் தாண்டிப் போய்விடவும் முடிகிறது. பழைய செயலி புதிய செய்தியைப் படிக்க முடிவதற்கும், புதிய சர்வர் பழைய செய்தியைப் படிக்க முடிவதற்கும் அடிப்படை இவ்வளவுதான்.

1 முதல் 15 வரையான எண்களுக்கு இந்த அடையாளம் ஒரு பைட்டில் அடங்கும்; 16 முதல் 2047 வரை இரண்டு பைட்டுகள் வேண்டும். எங்கள் மலைப்பகுதிக் கைபேசிகளுக்கு இதுவும் ஒரு பொருட்டுதான். தமிழ்ப் பெயர்களோ ஓர் எழுத்துக்குறிக்கு மூன்று பைட்டுகள் எடுத்துக்கொள்பவை. குலசேகரம் என்ற ஒரு சொல்லே 27 பைட்டுகள் ஆகும். ஆகவே மையத்தின் பெயரை அனுப்பாமல் மையத்தின் எண்ணை அனுப்பப் பழகிக்கொண்டோம். முதல் பதினைந்து எண்களை அவசரத்தில் அள்ளிக் கொடுத்துவிட்டு, அடிக்கடி வரும் புலங்களுக்குப் பிற்பாடு 16, 17 என்று கொடுக்க நேர்ந்தது எங்கள் பிழை. புதிதாகத் தொடங்குவோர் நான்கைந்து சிறிய எண்களையாவது காலியாக விட்டுவைக்கட்டும்.

எங்கள் பக்கத்தில் நிலப் பத்திரத்தை ஆதாரம் என்போம். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முந்திய திருவிதாங்கூர்க் காலத்து மூல ஆதாரங்கள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். பின்னால் எழுதப்பட்ட ஆதாரங்களில் பழைய சர்வே எண்ணையும் ரீசர்வே எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்திருப்பார்கள். அதனால்தான் தாத்தா காலத்து ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றும் ஒரு நிலத்தை அடையாளம் காண முடிகிறது. புலத்துக்குக் கொடுக்கும் எண்ணையும் அந்தப் பொறுப்போடுதான் கையாள வேண்டும் என்று புதிதாகச் சேரும் நிரலாளர்களிடம் சொல்வது என் வழக்கம். ஒருமுறை கொடுத்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது.

அந்த விதியை நாங்களே ஒருமுறை மீறினோம். ரசீதில் 7ஆம் புலம் தோட்ட உரிமையாளரின் பெயர். அதை வேறொரு சேவையிலிருந்து எடுத்துக்கொள்வதாக முடிவானபோது, எங்கள் குழுவில் ஒருவர் அந்தப் புலத்தை நீக்கினார். இரண்டு மாதம் கழித்து இன்னொருவர் வண்டி எண் என்ற புதிய புலத்தைச் சேர்க்கும்போது, 7 காலியாகத்தானே இருக்கிறது என்று அதையே கொடுத்துவிட்டார். இரண்டும் சரங்கள், அதாவது எழுத்துத் தொடர்கள்; கம்பியில் இரண்டுக்கும் ஒரே வடிவம். ஆகவே எந்தப் பிழைச்செய்தியும் எழவில்லை. பழைய செயலி வைத்திருந்த மையங்களில் உரிமையாளர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் லாரியின் பதிவெண் அச்சாகி வந்தது. இதைத் தடுப்பதற்கான வசதி வரையறை மொழியிலேயே இருக்கிறது: நீக்கிய புலத்தின் எண்ணையும் பெயரையும் ரிசர்வ்ட் என்று குறித்துவிட்டால், பிறகு யாராவது அதைப் பயன்படுத்த முயலும்போது கருவி மறுத்துவிடும். ஆனால் குறித்துவைக்க வேண்டியவர் மனிதர், மனிதர் மறப்பார். அந்த இடைவெளியை அடைப்பதற்காகத்தான் பஃப் வந்தது.

பஃப் செய்வது எளிய வேலை, ஆனால் சலிக்காமல் செய்கிறது. நாம் மாற்றிய வரையறைக் கோப்பையும், ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்ட கோப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, பழையவரை உடைக்கும் மாற்றம் ஏதேனும் இருந்தால் வரி எண்ணோடு சுட்டிக்காட்டி நிறுத்துகிறது. எவ்வளவு கண்டிப்பு வேண்டும் என்பதை நான்கு நிலைகளில் தேர்ந்துகொள்ளலாம். உருவாக்கப்பட்ட நிரல் கோப்பு அளவிலேயே உடையக் கூடாது என்பது மிகக் கண்டிப்பான நிலை. அதுவே இயல்பாக அமைந்திருக்கும். அதில் ஒரு புலத்தை நீக்கவே முடியாது. அடுத்தது தொகுப்பு அளவிலான நிலை. மூன்றாவது, பைட் வடிவமும், எழுத்தாகப் படிக்கக்கூடிய ஜேசன் வடிவமும் உடையாமல் இருந்தால் போதும் என்பது. எண்ணையும் பெயரையும் ரிசர்வ்ட் என்று குறித்தால் புலத்தை நீக்க இதில் அனுமதி உண்டு. நான்காவது நிலை பைட் வடிவத்தை மட்டும் பார்க்கும். நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தோம், அதற்கான பலனும் விரைவில் கிடைத்தது.

ரசீது எண்ணை 32 பிட் முழு எண்ணிலிருந்து 64 பிட்டுக்கு மாற்ற நினைத்தோம். கம்பியில் இரண்டும் ஒரே வடிவத்தில் செல்பவை என்பதால் இது பாதுகாப்பான மாற்றம் என்று நான் உறுதியாக நம்பினேன். ஆவணத்திலும் அப்படித்தான் இருக்கிறது. பஃப் மறுத்தது. யோசித்துப் பார்த்தபோது காரணம் விளங்கியது: ஜேசனாக மாற்றும்போது 32 பிட் எண் எண்ணாகவே எழுதப்படும், 64 பிட் எண்ணோ மேற்கோள் குறிக்குள் சரமாக எழுதப்படும். எங்கள் மாதாந்திர அறிக்கைப் பக்கம் ஜேசனைத்தான் படித்துக் கூட்டிக்கொண்டிருந்தது. அன்று அந்த மாற்றம் சர்வருக்குப் போயிருந்தால் ரசீது எண்களை ஒப்பிடும் இடங்களெல்லாம் அமைதியாகத் தவறியிருக்கும். இந்த ஒரு தடுப்புக்காகவே கருவியை மனமாரப் பரிந்துரைப்பேன்.

தெரியாத புலங்களைப் பற்றிய பாடம் வேறுவிதமானது. புரோட்டோகால் பஃபர்ஸ் வரையறை மொழியின் மூன்றாம் பதிப்பான புரோட்டோ3 தொடக்கத்தில் தனக்குத் தெரியாத புலங்களைப் படித்தவுடன் எறிந்துவிடும் வகையில் அமைந்திருந்தது, 3.5 பதிப்பு முதல்தான் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்து, திரும்ப எழுதும்போது அப்படியே எழுதிவிடுகிறது. எங்களைப் போல் நடுவில் ஓர் இடைச்சேவை வைத்திருப்பவர்களுக்கு இது வாழ்வா சாவா என்ற விஷயம். கைபேசி புதியது, சர்வர் புதியது, நடுவில் இருக்கும் சேவை பழையது என்றால், புதிய புலம் நடுவில் தொலைந்துபோகாமல் கடந்து செல்ல வேண்டும். 3.5 முதலான நூலகத்தில், அதாவது நம் நிரலோடு சேர்த்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பில், அது கடந்து செல்கிறது. ஆனால் நடுவில் யாராவது செய்தியை ஜேசனாக மாற்றி மறுபடி பைட் வடிவுக்குக் கொண்டுவந்தால் தெரியாத புலங்கள் தொலைந்துவிடும். எங்கள் இடைச்சேவை பதிவேட்டுக்காக அப்படித்தான் செய்துகொண்டிருந்தது என்பதை, புதிய புலம் ஒன்று ஒருபோதும் கிடங்கைப் போய்ச் சேராததைக் கண்டு இரண்டு நாள் தேடிய பிறகே கண்டுபிடித்தோம்.

சுழியம் என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. புரோட்டோ3இல் சாதாரண எண் புலத்துக்கு மதிப்பு கொடுக்கவில்லை என்றால் படிக்கும் பக்கம் 0 என்றே காணும். 0 என்று கொடுத்தாலும் அது கம்பியில் செல்லாது. மாதிரி இன்னும் சோதிக்கப்படாத பாலுக்கும், சோதித்து 0 என்று தவறாகப் பதிவான பாலுக்கும் எங்களால் வேறுபாடு காண முடியவில்லை. 2021இல் வந்த 3.15 பதிப்பு முதல் ஆப்ஷனல் என்ற சொல் மீண்டும் முழுமையாகக் கிடைத்ததால், டிஆர்சி புலத்தின் முன் அந்த ஒரு சொல்லைச் சேர்த்தோம். எண் மாறவில்லை, வகை மாறவில்லை, பழைய செயலிகளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அதற்கு முந்திய புரோட்டோ2இல் ரிக்வயர்ட் என்று ஒன்று இருந்தது. அதைப் புரோட்டோ3 கைவிட்டது மிகச் சரி என்பது என் கருத்து. கட்டாயம் என்று ஒருமுறை எழுதிவிட்ட புலத்தைப் பிறகு நீக்கவே முடியாது, ஏனென்றால் அது இல்லாத செய்தியைப் பழைய நிரல்கள் எல்லாம் நிராகரிக்கும்.

தரப் பட்டியலில் புதியதைச் சேர்ப்பதையும் சொல்லிவிடுகிறேன். புகையிட்ட ரப்பர் ஷீட்டுகளுக்கு ஆர்எஸ்எஸ் 4, ஆர்எஸ்எஸ் 5 என்றும், வெட்டிய இடத்தில் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலுக்குத் தனியாகவும் இருந்த பட்டியலில் ஒரு வகையைச் சேர்த்தோம். பழைய ஜாவா நிரல் அதை அறியப்படாதது என்று எடுத்துக்கொள்ளும், அதுவரை சரி. ஆனால் அந்த மதிப்பின் எண்ணைக் கேட்டால் நூலகம் விதிவிலக்கை, அதாவது நிரலை நிறுத்திவிடக்கூடிய பிழையை, எழுப்பிவிடும். எங்கள் செயலி அதைக் கேட்டது, மூடிக்கொண்டது. பட்டியலில் இல்லாத மதிப்பு வந்தால் என்ன செய்வது என்பதை முதல் நாளிலேயே எழுதிவிட வேண்டும்.

இனி, இந்த இரண்டு கருவிகளும் சேர்ந்தும் தடுக்க முடியாத ஒன்றுக்கு வருகிறேன். மேலே சொன்னவை அனைத்தும் வடிவம் பற்றியவை. பொருள் மாறினால் இவற்றுக்குத் தெரியாது.

பால் வாங்கும் தொழிற்சாலை ஒன்று, ரசீதில் பாலின் எடை வேண்டாம், உலர் எடையே வேண்டும் என்று கேட்டது. புதிய செயலியில் அதற்கேற்பத் திரையை மாற்றினோம். சர்வர் பக்கத்தில் எங்கள் குழுவினர் செய்தது, அதே 3ஆம் புலத்தில் உலர் எடையை நிரப்பி அனுப்பியதுதான். எண் அதே 3, வகை அதே டபுள், பெயரும் அதே எடை. பஃப் எதுவும் சொல்லவில்லை, சொல்வதற்கு அதற்கு எதுவும் இல்லை. மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு அருமனைப் பக்கத்து மையத்திலிருந்து ஓர் அண்ணாச்சி அழைத்தார்.

"மக்களே, தராசுல அம்பது நிக்குது, பில்லுல பதினெட்டுன்னு வருது. இத எப்பிடி நான் அவங்ககிட்ட கொடுப்பேன்?"

"தராசையும் பில்லையும் படம் எடுத்து அனுப்புங்க அண்ணாச்சி," என்றேன். இரண்டு படங்களும் வந்தன. தராசில் 50.0, ரசீதில் எடை 18, டிஆர்சி 36, உலர் எடை 6.48. பார்த்த மாத்திரத்தில் வயிறு கலங்கியது. பழைய செயலி சர்வரிடமிருந்து வரும் எடையை டிஆர்சியால் பெருக்கித் தொகை போடும். ஐம்பதில் நூற்றுக்கு 36 என்றால் 18. அதை நாங்கள் ஏற்கெனவே போட்டு அனுப்பிவிட்டோம். செயலி அதன்மேல் மறுபடி ஒருமுறை போட்டிருக்கிறது. கிலோவுக்கு 180 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 3,240 ரூபாய் பெறவேண்டியவருக்கு 1,166 ரூபாய் 40 காசு என்று ரசீது அடித்திருக்கிறது. விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறி இறங்கும் சரிவில் மரம் மரமாகப் பால் வெட்டியவரின் காலை வேலை அது. சர்வரை அரை மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திருப்பினோம். அதற்குள் பதினோரு ரசீதுகள் போயிருந்தன. பணம் மாலையில்தான் வங்கிக்குச் செல்லும் என்பதால் யாருக்கும் குறையவில்லை. பதினோரு பேரையும் நானே அழைத்துப் பேசினேன்.

அதன்பிறகு நாங்கள் கைக்கொண்ட முறையை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கருவியின் கையேட்டில் இது ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. பொருள் மாறினால் புலமும் மாறவேண்டும். உலர் எடைக்கு 18ஆம் புலத்தைப் புதிதாகத் திறந்தோம். 3ஆம் புலம் என்றென்றைக்கும் தராசு காட்டும் பாலின் எடை மட்டுமே. ஒவ்வொரு புலத்துக்கு மேலும் அது எதை அளக்கிறது, எந்த அலகில், யார் நிரப்புகிறார், நிரப்பாவிட்டால் படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறோம்; அந்தக் குறிப்பில் கை வைக்கும் எந்த மாற்றத்தையும் இருவர் படித்துப் பார்த்த பிறகே ஏற்கிறோம். சர்வர் முதலில் இரண்டு புலங்களையும் நிரப்பத் தொடங்கும். பிறகு படிப்பவர்கள் ஒவ்வொருவராகப் புதிய புலத்துக்கு மாறுவார்கள். பழையதை யாரும் படிக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் அதை நிறுத்தும் பேச்சே எழும். பழைய செயலியின் ரசீதை அச்சடித்து, எண்களைக் கையால் கூட்டிப் பார்க்கும் ஒரு சோதனையையும் சேர்த்தோம்: சந்தையில் இன்னும் ஓடும் ஒவ்வொரு பழைய செயலிப் பதிப்பையும் எங்கள் அலுவலகத்தில் ஒரு கைபேசியில் வைத்திருக்கிறோம், சர்வரில் எதை மாற்றினாலும் அந்தக் கைபேசிகளில் ஐம்பது கிலோ பாலுக்கு ஒரு ரசீது போட்டுப் பார்த்த பிறகே வெளியிடுகிறோம்.

உண்மையிலேயே பொருந்தாத மாற்றம் என்றால், தொகுப்பின் பெயரிலேயே வி1, வி2 என்று பிரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடுகிறோம். வி1 என்பது உள்ளே வி2ஐ அழைக்கும் மெல்லிய மொழிபெயர்ப்பு அடுக்கு மட்டும். ஐந்து டபிள்யூஎஸ்டிஎல் காலத்தில் செய்ததுபோல் கணக்கை ஐந்து இடங்களில் எழுதுவதில்லை. இத்தகைய மாற்றங்களைப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மட்டுமே வெளியிடுகிறோம். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் அந்த வாரங்களில் வெட்டு பெரும்பாலும் நின்றிருக்கும், மையங்களில் கூட்டம் இருக்காது, ஏதாவது தவறினாலும் திருத்த நேரம் கிடைக்கும்.

வளர்ச்சிக்கு இந்த ஏற்பாடு நன்றாக ஈடுகொடுத்தது என்பதற்கு ஒரு சான்று, ஜிஎஸ்டி மின்விலைப்பட்டியல். 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கிய அந்தக் கட்டாயம் படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்களையும் தொட்டது. எங்கள் வாடிக்கையாளர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் ஒருசிலராக அதற்குள் வந்தார்கள். 64 எழுத்துகள் கொண்ட ஐஆர்என் என்ற விலைப்பட்டியல் பதிவெண், ஒப்புகை எண், கையொப்பமிட்ட க்யூஆர் குறி என்று விலைப்பட்டியலில் புலங்கள் கூடிக்கொண்டே போயின. எச்எஸ்என் என்ற சரக்கு வகைக் குறியீடு நான்கு இலக்க 4001இலிருந்து, ஷீட்டுக்கு 400121, பாலுக்கு 400110 என்று ஆறு இலக்கமாயிற்று. இத்தனைக்கும் ஒரு பழைய சேவையைக்கூட அதே நாளில் மாற்றவேண்டிய அவசியம் வரவில்லை. சோப் காலத்தில் இது எத்தனை இரவுகளை விழுங்கியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

குறைகளும் உண்டு. முதலாவது, செய்தி வடிவத்துக்குக் கிடைக்கும் உத்தரவாதம், உருவாக்கப்பட்ட நிரலுக்கும் நூலகத்துக்கும் இடையே அதே அளவில் கிடைப்பதில்லை. 2022 மே மாதம் பைத்தான் நூலகம் 3.20இலிருந்து 4.21க்குச் சென்றபோது, 3.19க்கு முந்திய கருவியால் உண்டாக்கப்பட்ட கோப்புகள் அதனுடன் இயங்க மறுத்தன. அவற்றை மறுபடி உண்டாக்க வேண்டியிருந்தது. கம்பியில் ஒரு பைட்கூட மாறவில்லை, ஆனாலும் நிரல் நிற்கும். நூலகத்தின் பதிப்பை எண்ணோடு பூட்டி வைத்துக்கொள்வது கட்டாயம். இரண்டாவது, ஒரே செய்தி எப்போதும் ஒரே பைட் வரிசையில் எழுதப்படும் என்ற உறுதியை இது தருவதில்லை. ஆவணம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனாலும் செய்தியின் பைட்டுகளிலிருந்து ஹேஷ் என்ற சுருக்க அடையாளத்தை எடுத்து இரட்டைப் பதிவைக் கண்டறியும் பழக்கம் பலருக்கு வந்துவிடுகிறது. ஹேஷ் வேண்டுமானால் புலங்களை நாமே ஒரு வரிசையில் அடுக்கி எடுக்க வேண்டும். மூன்றாவது, பைட்டுகளை வெறும் கண்ணால் படிக்க முடியாது. இரவு பதினொரு மணிக்குக் கிடங்கிலிருந்து அழைப்பு வரும்போது எக்ஸ்எம்எல்லைத் திறந்து படித்த காலத்தை நினைத்துக்கொள்வேன்.

விலை பற்றி: இரண்டும் திறமூலம். புரோட்டோகால் பஃபர்ஸ் பிஎஸ்டி உரிமத்திலும் பஃப் கட்டளைக் கருவி அப்பாச்சி 2.0 உரிமத்திலும் கிடைக்கின்றன. வரையறைகளைச் சேமித்துப் பகிரும் பஃப்பின் கட்டணச் சேவையை நாங்கள் வாங்கவில்லை. எங்கள் அளவுக்கு, நிரல் கோப்புகளின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட் களஞ்சியமே போதுகிறது.

ஒரே ஒரு சர்வரும் ஒரே ஒரு வலைப்பக்கமும் வைத்திருப்பவர்கள், இரண்டையும் ஒரே குழு ஒரே நாளில் மாற்றக்கூடியவர்கள், வெறும் ஜேசனோடு நின்றுகொள்ளலாம். இந்த ஏற்பாடு அவர்களுக்குச் சுமை. கைபேசிகள் தோட்டங்களிலும் கடற்கரையிலும் பரவிக் கிடப்பவர்களும், தம் கையில் இல்லாத மென்பொருளோடு ஆண்டுக்கணக்கில் பேசவேண்டியவர்களும் இதை முதல் நாளிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னால் மாறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு எங்கள் 2019ஆம் ஆண்டே சாட்சி. அந்த ஓர் ஆண்டு முழுவதும் பழைய சோப் சேவையையும் புதியதையும் இணைத்து ஓட்டினோம்.

கொள்முதல் வி1ஐ இந்த இலையுதிர்வில் மூடிவிடுவதாக இருந்தோம். ஜனவரி மாதப் பதிவேட்டை எடுத்து, எந்தக் கைபேசி எந்தப் பதிப்பில் பேசுகிறது என்று எண்ணிப் பார்த்தேன். எல்லா மையங்களும் வி2க்கு வந்துவிட்டன, கோதையாற்று வழியில் இருக்கும் அந்த ஒன்றைத் தவிர. அங்கிருந்து நாளுக்கு ஏழெட்டு ரசீதுகள் வி1இல்தான் வருகின்றன. அவருக்குப் புதிய கைபேசி வாங்கிக் கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம். அது அவர் கைக்குப் போய், அதிலிருந்து முதல் ரசீது வி2இல் வந்து, தராசும் பில்லும் ஒத்திருப்பதை அவரே சொல்லும்வரை வி1 ஓடிக்கொண்டிருக்கும்.